கடல் தண்ணீரையே வடிகட்டும் மெம்பரேன் இருக்கிறது, உடம்புக்குள் வைக்கும் செயற்கைச் சிறுநீரகம் ஏன் இன்னும் வரவில்லை?

சாயல்குடி_ஆர்ஓ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சாயல்குடிப் பக்கம் தண்ணி கேன் போடுகிற ஒரு பிளான்டில் ஆபரேட்டராக இருக்கிறேன். நம்ம கடற்கரையில் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைக்க முடியாது. அதை மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கார்ட்ரிட்ஜ் எல்லாம் தாண்டி மெம்பரேன் என்கிற மெல்லிய சவ்வுக்கு ஏற்றினால், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் இரண்டு இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. நரிப்பையூரில் கடல் தண்ணீரையே குடிதண்ணீர் ஆக்கும் ஆலை 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. மெம்பரேன் எப்போது அடைக்கும், எப்போது கழுவ வேண்டும், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம்.

விஷயம் என் மச்சானைப் பற்றியது. மண்டபத்தில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், அக்கா வீட்டுக்காரர். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் முடித்துவிட்டன. இப்போது வாரம் இரண்டு முறை ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். போன தடவை நானும் கூடப் போனேன். மெஷின் பக்கத்தில் மாட்டியிருந்த அந்த டயாலைசரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஒரு முழம்கூட இல்லாத கண்ணாடி நிறக் குழாய், உள்ளே வெள்ளை வெள்ளையாக ஆயிரக்கணக்கில் நூல், ஒரு பக்கம் ரத்தம் ஏறுகிறது, மறு பக்கம் இறங்குகிறது. எங்கள் தொழிலில் பார்க்கும், உள்ளே துளையுள்ள நூல் வழியாக வடிக்கிற ஹாலோ ஃபைபர் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனேதான்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு சின்ன டப்பா ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமென்றால் இதையே இன்னும் சின்னதாக்கி உடம்புக்குள் வைத்துத் தைத்துவிட முடியாதா? காபி கப் அளவில் அமெரிக்காவில் செய்துவிட்டார்கள், சீக்கிரம் விற்பனைக்கு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. மச்சான் அதை முழுசாக நம்பிவிட்டார். இன்னும் கழுத்தில் டியூப் போட்டுத்தான் டயாலிசிஸ் நடக்கிறது. கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். "புதுக் கிட்னி வரப்போகுது, அதுக்குள்ள கையை எதுக்கு அறுக்கணும், அப்புறம் வலையை யார் இழுப்பா" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவருக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

தொண்டிக்காரர் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. எனக்குச் சொந்த ஊர் தொண்டி, வெளியூரில் மெம்பரேன் ஆராய்ச்சிதான் வேலை. நீங்கள் டயாலைசரைப் பார்த்ததும் உங்கள் பிளான்ட் ஞாபகம் வந்தது தற்செயல் இல்லை, இரண்டும் ஒரே குடும்பம். 1960 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த மெம்பரேன்தான் ஆர்ஓவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காக உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இழையை ரத்தத்துக்குப் பயன்படுத்தலாமே என்று அங்கிருந்த மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டீவர்ட் யோசித்ததிலிருந்து வந்ததுதான் இன்று மச்சானுக்கு மாட்டுகிற குழாய்.

ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. உங்கள் ஆர்ஓ, தண்ணீரை மட்டும் போகவிட்டு உப்பைத் தடுக்கிறது, அதற்குப் பம்பை வைத்துப் பத்துப் பதினைந்து பார், கடல் தண்ணீர் என்றால் அறுபது பார் வரைக்கும் அழுத்தம் கொடுக்கிறீர்கள். டயாலிசிஸில் அப்படித் தள்ளுவது குறைவு. இழைக்குள்ளே ரத்தம் ஒரு திசையில் போகிறது, இழைக்கு வெளியே டயாலிசேட் என்கிற சுத்திகரிப்புத் திரவம் எதிர்த் திசையில் போகிறது. யூரியா ரத்தத்தில் அதிகம், வெளியே இல்லை, அதனால் தானாகவே துளை வழியாக வெளியே போகிறது. சோடியம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வைத்திருப்பதால் அது பாட்டுக்கு இருக்கிறது. உடம்பில் ஏறியிருக்கும் அதிகத் தண்ணீரை எடுக்க மட்டும் கொஞ்சம் அழுத்தம். துளைகள் சில நானோமீட்டர்தான், ரத்த அணுவோ ஏழெட்டு மைக்ரான், அது போகவே முடியாது. ஆல்புமின் என்கிற புரதமும் போகக் கூடாது. யூரியாவின் மூலக்கூறு எடை 60, ஆல்புமினின் எடை 66,000க்கும் மேல், நடுவில் எங்கே கோடு போடுகிறோம் என்பதில்தான் மெம்பரேன் செய்பவர்களின் மொத்தக் கவலையும். இப்போது பெரும்பாலும் பாலிசல்ஃபோன், பாலிஈதர்சல்ஃபோன். அந்தக் குழாய்க்குள் சுமார் பத்தாயிரம் இழை, ஒவ்வொன்றின் உள்விட்டமும் 200 மைக்ரான் அளவு, எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒன்றரை இரண்டு சதுர மீட்டர் வரும்.

சரி, இதை ஏன் உள்ளே வைக்க முடியவில்லை. ஒன்று தண்ணீர். மெஷினில் நிமிஷத்துக்கு 500 மில்லி டயாலிசேட் ஓடுகிறது, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். உடம்புக்குள் வைத்தால் அந்த 120 லிட்டருக்கு எங்கே போவது?

அதைவிடப் பெரிய காரணம், சிறுநீரகம் வெறும் ஃபில்டர் இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்கிற நுண்ணிய அலகு சுமார் பத்து லட்சம் இருக்கிறது. அதன் முதல் பகுதி ரத்தத்தை வடிக்கிறது, இரண்டு சிறுநீரகமும் சேர்த்து நிமிஷத்துக்கு 125 மில்லி, நாளைக்குக் கூட்டினால் 180 லிட்டர் வரும். நாம் போகிற சிறுநீரோ ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் அடுத்து வரும் நுண்குழாயில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, தண்ணீர், உப்பு, சர்க்கரை, பைகார்பனேட், இன்றைக்கு எது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே சுமார் மூன்று லிட்டர். திரும்ப எடுக்கும் வேலை மட்டும் நின்று வடிப்பது தொடர்ந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குள் மூன்று லிட்டரும் வெளியே போயிருக்கும். அதனால் நல்ல ஃபில்டரை மட்டும் உள்ளே வைப்பது உதவி இல்லை, ஆபத்து. இது போக ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்ட்டின், வைட்டமின் டி தயாராவது, பிரஷரைப் பிடித்து வைப்பது என்று சிறுநீரகத்துக்கு இன்னும் வேலைகள் உண்டு, அதில் ஒன்றையும் எந்த பிளாஸ்டிக்கும் செய்யாது.

சாயல்குடி_ஆர்ஓ:

அண்ணே, நன்றி. திரும்ப எடுக்கும் பகுதி இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் வெளியே ஒதுக்கிவிடும் ரிஜெக்ட் தண்ணீரிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மீட்கிற பிளான்ட், அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இன்னொரு சந்தேகம். எங்கள் மெம்பரேன் கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும், உப்புப் படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் விட்டாலும் அடைக்கும், ஆசிட் போட்டு, அப்புறம் காரம் போட்டுக் கழுவி எடுப்போம். ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியான சாமான். உடம்புக்குள் வைத்தால் அடைக்காதா?

தொண்டிக்காரர்:

அடைக்கும் தம்பி, தொழில் தெரிந்தவர் என்பதால் நேராக அங்கே வந்துவிட்டீர்கள். ரத்தம் எந்த அந்நியப் பொருளைத் தொட்டாலும் சில நிமிஷத்துக்குள் புரதம் மேலே படிந்துவிடும், அதன்மேல் தட்டணுக்கள் ஒட்டும், பிறகு உறைய ஆரம்பிக்கும். மெஷினில் அதற்குத்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை விடுகிறார்கள். நாலு மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிய பொருளுக்கு ஒவ்வொரு நாளும் ஹெப்பாரின் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தக்கசிவுக்கு வழி வைத்ததுபோல ஆகும். ஆசிட் போட்டுக் கழுவவும் வழியில்லை. உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலுக்கு வருகிறேன். அதன் பின்னால் இருப்பது உண்மையான ஆராய்ச்சி, விற்பனை என்ற பகுதிதான் பொய். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷுவோ ராயும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிஸலும் நடத்துகிற கிட்னி புராஜெக்ட் அது. பிளாஸ்டிக் இழையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சிப் செய்கிற முறையில் சிலிக்கானில் மெம்பரேன் செய்கிறார்கள். பாலிமரில் துளை ஒன்று பெரிசாக, ஒன்று சிறிசாக இருக்கும், கொஞ்சம் பெரிசானதிலெல்லாம் ஆல்புமின் ஒழுகும். சிலிக்கானில் எல்லாத் துளையும் ஒரே அளவு, வட்டமாக இல்லாமல் மெல்லிய கீற்றுகளாக வெட்டுகிறார்கள், நம் சிறுநீரகத்தின் வடிப்பானிலும் கீற்றுகள்தான் இருக்கின்றன. கீற்றாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே நிறையத் தண்ணீர் போகும், அது முக்கியம், ஏனென்றால் இதற்கு பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது, இதயம் கொடுக்கிற அழுத்தம் மட்டும்தான். அது சராசரியாக 100 மில்லிமீட்டர் பாதரசம், உங்கள் கணக்கில் 0.13 பார். பத்துப் பாரில் ஓட்டுகிற உங்களுக்கு இது எவ்வளவு குறைவு என்று புரியும்.

அந்த வடிப்பானுக்கு அடுத்து உயிருள்ள சிறுநீரகச் செல்களை வளர்க்கிற ஒரு அறை, திரும்ப எடுக்கும் வேலை அதற்கு. இந்த யோசனையை முதலில் உடம்புக்கு வெளியே செய்து காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹியூம்ஸ், டயாலைசர் இழைகளுக்குள்ளேயே செல்களை வளர்த்துத் தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். ராயின் குழு செல் அறையைப் பன்றிகளுக்கு உள்ளே வைத்து ஏழு நாள் வேலை செய்ததை 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தச் செல்களைத் தாக்கவில்லை, சிலிக்கான் மெம்பரேன் நடுவில் நின்று காப்பாற்றியது. எனக்கு அதைப் படித்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஆனால் ஏழு நாள், பன்றிக்கு. மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் என்பது இன்னும் வெகு தூரம்.

இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரியும் ஒன்று முயன்றார்கள், விக்டர் குரா என்பவருடைய கருவி, ஏறக்குறைய ஐந்து கிலோ. 120 லிட்டர் தண்ணீருக்குப் பதிலாகக் கொஞ்சம் டயாலிசேட்டையே ஒரு வேதிப்பொருள் பெட்டி வழியாகச் சுத்தம் செய்து சுற்ற விடுவது. அதில் யூரியேஸ் என்கிற நொதி யூரியாவை அம்மோனியம் ஆக்கும், சிர்க்கோனியம் பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொள்ளும். சியாட்டிலில் நோயாளிகளுக்கு மாட்டிப் பார்த்தபோது டயாலிசேட்டில் கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் வர ஆரம்பித்து, வேறு கோளாறுகளும் சேர்ந்து, சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ராமநாதபுரம்_டெக்னீஷியன்:

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். மேலே அண்ணன் எழுதியதில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை, நான் ஃபிஸ்டுலா விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் திரியில் அவசரமானது அதுதான்.

வில்லெம் கோல்ஃப் என்கிற டச்சு மருத்துவர் 1943இலேயே, போர் நடந்துகொண்டிருந்தபோது, சாசேஜ் சுற்றுகிற செல்லஃபேன் உறையை மரச்சட்டம் போட்ட உருளையில் சுற்றி முதல் சிறுநீரக மெஷினைச் செய்துவிட்டார். ஆரம்பத்தில் அவர் பார்த்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லாருமே இறந்தார்கள், 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அதாவது மெம்பரேன் அப்போதே கையில் இருந்தது. ஆனால் நிரந்தரமாகச் சிறுநீரகம் போனவர்களை அதை வைத்துப் பிழைக்க வைக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்ட வேண்டும், கொஞ்ச நாளில் வெட்டக் குழாயே மிஞ்சாது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாக ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தி வழி செய்தார், 1966இல் நியூயார்க்கில் பிரெஸியாவும் சிமினோவும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையோடு ஃபிஸ்டுலா வந்தது. கையில் ஓடும் தமனியையும் சிரையையும் ஒன்றாகத் தைத்துவிடுவது, வேறு ஒரு பொருளும் உள்ளே வைப்பதில்லை. இவ்வளவு ஆண்டு ஆகியும் அதைவிட நல்ல வழி வரவில்லை.

மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள். கழுத்து டியூப் தற்காலிகத்துக்கு. டியூப்பின் ஒரு முனை வெளியே, மறு முனை இதயத்துக்குப் பக்கத்தில். கிருமி உள்ளே போனால் நேராக ரத்தத்துக்குத்தான் போகும், டயாலிசிஸ் ஓடும்போதே குளிர் ஜுரம் வந்து தூக்கித் தூக்கிப் போடுவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று யாரும் சொல்வதில்லை, டியூப் நாள்பட இருந்தால் நெஞ்சுப் பக்கத்துப் பெரிய சிரை சுருங்கிப் போகும். பிறகு அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா போட்டாலும் கை வீங்கிக்கொள்ளும். அண்ணன் சொன்ன அந்தச் சிலிக்கான் சிறுநீரகம் என்றைக்கு வந்தாலும் அதையும் ரத்தக்குழாயில்தான் இணைக்க வேண்டும். குழாயைக் கெடுத்துக்கொண்டு காத்திருந்தால் அது வரும்போது பொருத்த இடம் இருக்காது.

ஃபிஸ்டுலா போட்டவுடனே ஊசி குத்த முடியாது, சிரை தடிக்க ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் கூடலாம். அதனால்தான் டாக்டர் அவசரப்படுத்துகிறார். வலது கைப் பழக்கம் என்றால் இடது கையில் போடுவார்கள். அந்தக் கையில் இப்போதிருந்தே ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

மூலிகை_நாட்டம்:

நெருஞ்சி முள் கஷாயமும் சிறுபீளையும் தொடர்ந்து கொடுத்தால் ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் இறங்கும், எங்கள் ஊரில் ஒருவர் டயாலிசிஸையே நிறுத்திவிட்டார். இவ்வளவு ஆராய்ச்சி எல்லாம் எதற்கு?

ராமநாதபுரம்_டெக்னீஷியன்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், டயாலிசிஸை நிறுத்தச் சொல்லி இங்கே யாருக்கும் யோசனை தர வேண்டாம். முழுதாகச் செயலிழந்த சிறுநீரகத்துக்கு டயாலிசிஸை நிறுத்தினால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும், அதற்கு எச்சரிக்கைகூட இருக்காது. திடீரென்று பழுதாகித் தானே தேறிவரும் சிறுநீரகங்கள் உண்டு, நீங்கள் சொல்பவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். சர்க்கரையால் பல ஆண்டாகச் சுருங்கிப் போனது தேறாது. கஷாயங்களில் பலவற்றில் பொட்டாசியம் நிறைய. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

பாம்பன்_அக்கா:

தம்பி, நான் டயாலிசிஸில் இருக்கிறவள், அதனால் என் பங்குக்கும் எழுதுகிறேன். அம்மா பாசி எடுக்கப் போகிறவர், நானும் கல்யாணத்துக்கு முன்னால் கூடப் போனவள்தான். ஃபிஸ்டுலாவுக்கு நானும் பயந்தேன், எங்கள் வீட்டிலும் கை போய்விடும் என்றுதான் பேசினார்கள். போய்விடவில்லை. இடது மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும், காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அது இருந்தால் ஃபிஸ்டுலா ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் அது இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்தக் கையில் குடம் தூக்க மாட்டேன், இறுக்கமாக வளையல் போட மாட்டேன், அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்க மாட்டேன். சமையல், துணி எல்லாம் நானே பார்க்கிறேன். மச்சான் வலை இழுப்பதைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்கட்டும். கழுத்தில் டியூப்போடு உப்புத் தண்ணீரில் நிற்கவே முடியாது, குளிக்கக்கூட முடியாது, அதையும் அவர் யோசிக்க வேண்டும்.

எங்களுக்குச் செயற்கைச் சிறுநீரகம் வந்தால் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது தாகம்தான். வெயில் காலத்தில் இந்தத் தீவில் மணல் கொதிக்கும், வீட்டில் எல்லாரும் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள், நான் டம்ளரை அளந்து குடிப்பேன். அதிகமாகக் குடித்துவிட்டு மூன்று கிலோ ஏறிப் போனால் நாலு மணி நேரத்தில் அவ்வளவையும் உறிஞ்சுவார்கள், பிரஷர் இறங்கிக் காலில் குரக்குவலி பிடித்து உயிர் போகும். கருவாடு தின்றால் தாகம் அடங்காது, அதனால் கருவாட்டை விட்டேன், அது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். இளநீர் கூடாது, பொட்டாசியம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகிக்கொண்டே இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது இல்லையா, அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

தொண்டிக்காரர்:

ஆமாம் அக்கா, நீங்கள் சொன்னதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர். வாரத்துக்கு 168 மணி நேரம், சிறுநீரகம் அவ்வளவு நேரமும் வேலை செய்கிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாலும் 12 மணி நேரம்தான், நம் பக்கத்தில் பலருக்கு இரண்டு முறை, எட்டு மணி நேரம். மெம்பரேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிட்டுச் செய்வதன் குறையை அது சரிசெய்யாது. மெதுவாக, நிற்காமல் ஓட வேண்டும், அதற்குத்தான் உள்ளே வைக்கப் பார்க்கிறார்கள்.

நிற்காமல் ஓடுகிற ஒன்று இப்போதே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் பெரிட்டோனியம் என்கிற சவ்வு, அதுவே நல்ல மெம்பரேன். வயிற்றில் ஒரு குழாய் வைத்து இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதிதாக விட வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை மாதிரி. வீட்டிலேயே செய்யலாம், சிஏபிடி என்பார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அலைச்சல் மிச்சம். கை சுத்தம் மிக முக்கியம், இல்லையென்றால் வயிற்றில் தொற்று வரும். சர்க்கரைக்காரர்களுக்குச் சேருமா என்பதைச் சிறுநீரக மருத்துவரான நெஃப்ராலஜிஸ்ட்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் திரவத்திலேயே குளுக்கோஸ் இருக்கிறது. மச்சான் அதையும் கேட்கட்டும். அதோடு தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வதையும் தள்ளிப் போட வேண்டாம், வரிசை நீளம், முதல்வர் காப்பீட்டில் அந்த ஆபரேஷனும் வருகிறது. தம்பி, இன்றைக்கு முழுச் சிறுநீரகம் செய்கிற எல்லா வேலையையும் செய்வது இன்னொரு சிறுநீரகம் மட்டும்தான்.

சாயல்குடி_ஆர்ஓ:

அக்கா, அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா வீட்டுக்குப் போய் இங்கே வந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மச்சான் பாம்பன் அக்கா எழுதியதைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது கையின் ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுக்கச் சம்மதித்திருக்கிறார், வயிற்று டயாலிசிஸைப் பற்றியும் கேட்கப் போகிறார்.

டெக்னீஷியன் அண்ணனிடம் என் தொழில் சம்பந்தமாக ஒன்று. தொண்டி அண்ணன் 120 லிட்டர் தண்ணீர் என்றாரே, அதுவும் ஆர்ஓ தண்ணீர்தானே? எங்கள் கேன் தண்ணீரும் அதுவும் ஒன்றா? லாரித் தண்ணீர், காவிரித் தண்ணீர், போர் என்று நம்ம மாவட்டத்தில் எது எப்போது வரும் என்று தெரியாது.

ராமநாதபுரம்_டெக்னீஷியன்:

சந்தோஷம் தம்பி, ஸ்கேன் எடுத்ததும் சொல்லுங்கள்.

ஒன்று கிடையாது, இதை ஆர்ஓ ஆபரேட்டர் ஒருவர் கேட்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. குடிக்கிற தண்ணீர் குடல் வழியாகப் போகிறது, குடல் பலவற்றைத் தடுத்துவிடும். டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் மைக்ரான் கணக்கில் ஒரு மெம்பரேன் மட்டும்தான். 1970களில் தண்ணீரில் இருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறி இறந்திருக்கிறார்கள். 1996இல் பிரேசிலில் காருவாரு என்ற ஊரில் ஏரித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதில், நீலப்பச்சைப் பாசியின் நச்சு ரத்தத்தில் ஏறி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் பழுதாகி இறந்தார்கள். லாரித் தண்ணீர் இறக்குகிற ஒவ்வொரு யூனிட்டிலும் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம்ம பக்கத்தில் போர் தண்ணீரின் உப்பை ஆர்ஓ பார்த்துக்கொள்ளும், மீட்டரிலும் தெரிந்துவிடும். மீட்டரில் தெரியாதது குளோரின். காவிரிக் கூட்டுக் குடிநீர் குளோரின் போட்டுத்தான் வரும், அது உங்கள் மெம்பரேனை அரித்துவிடும் என்று உங்களுக்கே தெரியும், அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமினாக இருந்தால் ஆர்ஓவையும் தாண்டி ரத்தத்துக்குப் போய்ச் சிவப்பணுவை உடைக்கும். அதைப் பிடிப்பது கார்பன் டேங்க் மட்டும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்பன் டேங்க் வைக்க வேண்டும், முதல் டேங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தண்ணீர் பிடித்து ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னும் குளோரின் பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் யாருக்கும் மெஷின் போடக் கூடாது. கிருமி மில்லிக்கு 100க்குக் கீழே இருக்க வேண்டும், செத்த கிருமியின் நச்சான எண்டோடாக்ஸினையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்தால் அதிலேயே கிருமி பெருகும், பைப் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் முட்டுச்சந்தாக முடியக் கூடாது.

நீங்கள் மச்சானோடு போகும்போது கார்பன் டேங்க் எங்கே இருக்கிறது, குளோரின் நோட்டு எங்கே என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல யூனிட் என்றால் நோட்டை எடுத்துக் காட்டுவார்கள், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கையெழுத்து இருக்கும். டயாலைசரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதன்மேல் மச்சான் பெயர் இருக்கிறதா, இழைகளின் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் அளக்கிறார்களா என்பதையும் கேளுங்கள், அந்த அளவு உங்களுக்குப் பார்த்தவுடனே புரியும். டயாலிசிஸ் யூனிட்களுக்கு ஆர்ஓ பிளான்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இந்த மாவட்டத்தில் போதவில்லை. வாட்டர் ட்ரீட்மென்டில் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வர விருப்பம் இருந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள், எங்கே கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.